ஒற்றைக் கைக்கு ஒரு கிளச்

பனியே விழாத யாழ்ப்பாணத்தில் பனி தள்ளும் இயந்திரம் ஒன்றைத் திருத்தியவன் என்று எங்கள் பகுதியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கேலியாகத்தான் சொல்வார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். அண்மையில், நான் ஓய்வு பெறும் வரை வேலை செய்த பட்டறையில் இப்போது இருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கையை எடுத்தால் தானாக நின்றுவிடும் பிடியோடு புதிய லாண்ட்மாஸ்ரர்கள் வந்திருக்கின்றன. விவசாயிகள் சிலருக்கு அந்தப் பிடி தொல்லையாக இருக்கிறதாம். அதைக் கம்பியால் வரிந்து கட்டிவிட்டு உழுகிறார்களாம். கட்டவேண்டாம் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். நான் மங்களேஸ்வரியின் கதையைச் சொன்னேன். அதை எழுதித் தரச் சொன்னார்கள்.

லாண்ட்மாஸ்ரர் என்று நாங்கள் சொல்வது இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை. முன்னால் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சின், பின்னால் நீண்ட இரண்டு கைபிடிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். இஞ்சினின் விசை மூன்று பெல்ற்றுகள் வழியாகக் கிளச்சுக்கு வந்து, அங்கிருந்து கியர்ப் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் போகும். இடப்பக்கம் திருப்ப இடது பிடியின் கீழுள்ள லீவரை அமர்த்த வேண்டும். அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போகும் விசை அறுந்துவிட, மற்றச் சக்கரம் சுற்றிக்கொண்டு வரும். வலப்பக்கம் திருப்ப வலது லீவர். ஆகவே இரண்டு கையும் வேண்டும். பழைய மெசின்களில் கிளச்சின் நீண்ட தடி எங்கே வைத்தோமோ அங்கேயே நிற்கும். ஆள் விழுந்துபோனாலும் மெசின் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் பட்டறையில் சேர்ந்தேன். புத்தூர்ப் பக்கத்தில், வீதியோரமாக, விவசாயக் கூட்டுறவுச் சங்கமொன்று நடத்திய பட்டறை அது. முதலில் நட்டுக் கழுவினேன், கிறீஸ் பூசினேன். பிறகு போரால் சாமான் வராத காலம் வந்தது. பெல்ற் இல்லை, பேரிங் இல்லை, டீசல் இல்லை. அறுந்த பெல்ற்றைத் தைத்தோம். பழைய ரயரை வெட்டி வாசர் செய்தோம். அந்தக் காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதிலிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம் மட்டுமே. ஒரு பாகம் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பாகம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் யோசிப்பேன்.

பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தவர் இராசநாயகம் ஐயா. போர்மன் ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வல்வெட்டித்துறைக்காரர், கப்பலோடிய குடும்பம். இளமையில் சரக்குக் கப்பல்களில் இஞ்சின் அறையில் வேலை செய்தவர். அந்த இரைச்சலுக்குள் கதைத்துப் பயனில்லை என்று பழகியதாலோ என்னவோ, வாயைத் திறக்காமல் விரலால் காட்டுவார். வேலை முடிந்தது என்று போய்ச் சொன்னால், “ஓட்டிக் காட்டும்” என்பார். ஓட்டி நிற்பாட்டியதும் வந்து பெல்ற் ஓடும் கப்பியில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். சூடாக இருந்தால் பெல்ற் வழுக்குகிறது என்று அர்த்தம். திரும்பிப் போய்விடுவார். நாங்கள் மறுபடி கழற்ற வேண்டும். அவர் ஒருவரையும் ஏசி நான் கேட்டதில்லை. பிழையாகப் பூட்டிய போல்ற்றைத் தானே கழற்றிச் செய்தவனின் மேசையில் வைத்துவிட்டுப் போவார். அன்று முழுவதும் அது அங்கேயே கிடக்கும்.

நான் சேர்ந்து சில காலத்துக்குள் ஒரு விபத்து நடந்தது. தோட்டமொன்றின் மூலையில் சாரதி ஒருவர் லாண்ட்மாஸ்ரரைப் பின்கியரில் எடுத்திருக்கிறார். பின்கியரில் எடுக்கும்போது கைபிடி மேலே கிளம்பும், பழகியவர்கள் அதை அமர்த்திப் பிடிப்பார்கள். அன்றைக்கு அவருக்குப் பின்னால் ஒரு பனை நின்றது. கைபிடி அவரை நெஞ்சோடு பனையில் வைத்து அழுத்திவிட்டது. கிளச்சுத் தடி கைக்கு எட்டவில்லை. அயல் தோட்டத்தில் நின்றவர்கள் ஓடிவந்து இஞ்சினை நிற்பாட்டும் வரை சக்கரம் மண்ணைக் கிண்டிக்கொண்டே இருந்ததாம். ஆள் தப்பிவிட்டார், ஆனால் பிறகு நிமிர்ந்து நடக்கவில்லை.

அந்த மெசினை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். போர்மன் ஐயா அதை முழுவதும் கழற்றிப் பார்த்தார். கிளச் சரி, கியர் சரி, கேபிள் சரி. “மெசினிலை ஒரு பிழையும் இல்லை” என்று சொன்னார். நல்ல செய்தி சொல்கிற குரலில் அல்ல. அன்றிலிருந்து எந்த லாண்ட்மாஸ்ரரும் பின்கியர் பார்க்காமல் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. திருத்தியவனே ஓட்டிக் காட்ட வேண்டும்.

இனி மங்களேஸ்வரி. போர் ஓய்ந்து பாதை திறந்து, சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய பிறகு ஒரு நாள் வந்தார். வாதரவத்தையில் வயல் உள்ள குடும்பம். வலது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே வரைதான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஷெல் பட்டுப் போனது. கூட வந்த கணவர் சிவனேசனை எனக்கு முன்பே தெரியும். லாண்ட்மாஸ்ரர் வைத்துக் கூலிக்கு உழுதவர். பிறகு சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மெசின் சும்மா நின்றது.

எங்கள் வயல்கள் மழையை நம்பியவை. முதல் மழை விழுந்து மண் பதமாகும் நாட்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். கூலிக்கு உழ வருகிறவர்கள் பெரிய வயல்களை முடித்துவிட்டுத்தான் சின்ன வயலுக்கு வருவார்கள். முந்தின வருடம் அவர்கள் வந்து சேர்ந்தபோது மங்களேஸ்வரியின் வயலில் தண்ணீர் நின்றது. விதைப்புப் பிந்தி, பயிர் பொய்த்துப்போனது. இந்த முறை தானே உழப்போவதாகச் சொன்னார். ஒற்றைக் கையால் பிடிக்கக்கூடியதாக மெசினை மாற்றித் தர வேண்டும்.

போர்மன் ஐயா அவர்களை இருக்கச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு மாட்டேன் என்றார்.

“பிள்ளை, கையை விட்டால் நிக்காத மெசின் இது. ரெண்டு கை உள்ளவனையே மரத்தோடை வைச்சு நெரிச்ச மெசினை நான் கழட்டிப் பாத்தனான். ஒரு கையோடை உங்களிட்டை நான் அதைக் குடுக்க மாட்டன்.”

மங்களேஸ்வரி வாதாடவில்லை. வேறு ஆராவது செய்வார்களா என்று கேட்டார். செய்யக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் செய்விக்க வேண்டாம் என்று ஐயா சொன்னார். அவர்கள் எழும்பிப் போனார்கள். சிவனேசன் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போனதைப் பார்க்க எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் ஐயா சொன்னதில் பிழை இருப்பதாக எனக்கும் தெரியவில்லை.

பனி தள்ளும் இயந்திரம் வந்தது அதற்குப் பிறகுதான். கொண்டுவந்தவர் குலசிங்கம். கனடாவில் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, திரும்பி வந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீடு வாங்கியிருந்தார். புத்தூரில் தாய்வழிக் காணியில் வாழை வைத்திருந்தார். கனடாவிலிருந்து வீட்டுச் சாமான்களைக் கொள்கலனில் அனுப்பியபோது, கராஜில் இருந்த எல்லாவற்றையும் மகன் ஏற்றிவிட்டாராம். இங்கே வந்து கதவைத் திறந்தபோது முன்னால் நின்றது அந்த இயந்திரம். குலசிங்கம் நகைச்சுவையான மனிதர். வாழைக்குப் பனி விழும் என்று பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். உண்மையில் அவருக்கு வேறு யோசனை இருந்தது. முன்பக்கத்தில் பனியை வாரி வீசுகிற பகுதியைக் கழற்றிவிட்டு, பின்பாகத்தில் சின்ன வண்டியொன்றைப் பூட்டினால் வாழைகளுக்கு நடுவே எரு இழுக்கலாம். ஆனால் இஞ்சின் வேலை செய்தது, சக்கரம் உருளவில்லை.

நான் அப்படி ஒரு மெசினைக் கண்டதில்லை. பெற்றோலை வடித்தேன். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தேன். குலசிங்கம் சொன்னபடி மெசினை முன்பக்கம் தரையில் படும்படி நிமிர்த்தி வைத்து, அடித் தகட்டைக் கழற்றினேன். உள்ளே கியர்ப் பெட்டி இல்லை. சாப்பாட்டுத் தட்டின் அளவில் ஒரு அலுமினியத் தட்டு. அதன் முகத்தில் செங்குத்தாக முட்டும்படி, விளிம்பில் ரப்பர் வளையம் போட்ட ஒரு சக்கரம். இஞ்சின் பெல்ற் வழியாகத் தட்டைச் சுழற்றும். தட்டில் உரசி ரப்பர்ச் சக்கரம் சுழலும், அது செயின் வழியாக வெளிச் சக்கரங்களைச் சுழற்றும். ரப்பர்ச் சக்கரம் தட்டின் நடுவுக்குக் கிட்ட நின்றால் மெதுவான ஓட்டம், விளிம்புக்குக் கிட்ட நின்றால் வேகம். நடுவைத் தாண்டி மற்றப் பக்கம் போனால் பின்னோட்டம். அவ்வளவுதான். நான் அதைக் கையால் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்மன் ஐயாவும் வந்து குந்தியிருந்து பார்த்தார்.

பழுது விளங்கியது. கொள்கலன் வெக்கையில் ரப்பர் காய்ந்து, கண்ணாடி போல மினுங்கி வெடித்திருந்தது. யாரோ செயினுக்கு விட்ட ஒயில் தட்டிலும் படிந்திருந்தது. உரசி ஓடுகிற இடத்தில் ஒயில் பட்டால் வேறு வினை தேவையில்லை. தட்டைப் பெற்றோலால் துடைத்து, மெல்லிய அரத்தாளால் தேய்த்தேன். ரப்பர் வளையத்துக்குத்தான் வழியில்லை. கனடாவிலிருந்து எடுப்பிக்கலாம், ஆனால் நாள் செல்லும். ஐயா தன் தலைக்கு மேலே இருந்த பலகைத் தட்டைக் காட்டினார். அங்கே அரிசி ஆலையொன்று கழித்துவிட்ட ரப்பர் உருளை கிடந்தது. நெல்லின் உமியை நீக்குகிற உருளை, நல்ல இறுக்கமான ரப்பர். அதைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டி, தண்ணீர் விட்டு விட்டு ஒரு வளையத்தைச் சீவி எடுத்தேன். இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து போல்ற் போட்டு இறுக்கினேன்.

கடைசியாகக் கேபிள். கைபிடியில் உள்ள லீவரை விட்டிருக்கும்போது கேபிளின் முனையிலுள்ள ஸ்பிரிங் இழுபடக் கூடாது. அமர்த்தும்போது கொஞ்சம் இழுபட வேண்டும். விட்டிருக்கும்போதே இழுபட்டால் ரப்பர் தட்டை விடாமல் உரசித் தேய்ந்துபோகும். அமர்த்தியும் இழுபடாவிட்டால் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து பூட்டினேன்.

முற்றத்தில் ஓட்டினேன். இடது பிடியின் லீவரை அமர்த்தினால் போகிறது, விட்டால் நிற்கிறது. வலது பிடியிலும் ஒரு லீவர் இருந்தது. அது பனி வாரும் பகுதிக்கு. இரண்டையும் அமர்த்திவிட்டு வலது கையை எடுத்தேன். வலது லீவர் மேலே வரவில்லை. கேபிள் சிக்கிவிட்டது என்று நினைத்து நிற்பாட்டப் போனேன். குலசிங்கம் மறித்தார்.

“அது பழுதில்லை. ஸ்னோ தள்ளேக்கை வலது கையாலை மேலை இருக்கிற குழாயைத் திருப்ப வேணும். அதுக்காக, இடது கை அமத்தியிருக்கும் வரைக்கும் உள்ளுக்கு ஒரு கொளுக்கி வலது லீவரைப் பிடிச்சிருக்கும். இடது கையை விட்டுப் பாருங்கோ.”

விட்டேன். இரண்டு லீவரும் ஒன்றாக எழும்பின. எல்லாம் நின்றது.

நான் மெசினை அப்படியே விட்டுவிட்டு ஐயாவிடம் போனேன். ஒரு கையால் இரண்டு கை வேலை செய்கிற மெசின் ஒன்று வாசலில் நிற்கிறது, இந்தக் கொளுக்கியை மங்களேஸ்வரியின் லாண்ட்மாஸ்ரருக்குப் போட்டால் என்ன என்று கேட்டேன். ஐயா வந்து தானே ஓட்டினார். லீவரை அமர்த்தினார், விட்டார். மறுபடி அமர்த்தினார், விட்டார். பெல்ற் மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே பார்த்தார். பனி வாரும் பகுதிக்குப் போகிற பெல்ற் தளர்வாகக் கிடந்தது. லீவரை அமர்த்தும்போது சின்னக் கப்பி ஒன்று வந்து அதைத் தள்ளி இறுக்குகிறது. விட்டால் ஸ்பிரிங் அந்தக் கப்பியை இழுத்துக்கொள்கிறது, பெல்ற் தளர்கிறது. தளர்ந்த பெல்ற் இஞ்சின் கப்பியில் ஒட்டி உருளாமல் இருக்க அதைச் சுற்றி வளைந்த கம்பிகள். அதோடு, சுழல்கிற கப்பியை உரசி நிற்பாட்ட ஒரு சின்னப் பட்டை.

“கொளுக்கி எங்களுக்கு வேண்டாம், தேவராசா. அது இருந்தால் கை வேறை எங்கையும் போகும். உந்த ஸ்பிரிங்தான் வேணும்” என்றார். பிறகு, “அந்தப் பிள்ளையைக் கூப்பிடும்” என்றார்.

நாங்கள் செய்தது இதுதான். லாண்ட்மாஸ்ரரின் கிளச்சில் கை வைக்கவில்லை. இஞ்சினைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி மூன்று பெல்ற்றையும் தளர்த்தினோம். அவற்றை இறுக்க ஒரு நீண்ட புயத்தில் அகலக் கப்பி வைத்தோம். அந்தப் புயத்தை இழுக்கும் கேபிளை இடது கைபிடியிலுள்ள ஒரு வளைவுப் பிடிக்குக் கொண்டுவந்தோம். உள்ளங்கை அதை அமர்த்தியிருக்கும், அதே கையின் விரல்களுக்கு எட்டும்படி இடப்பக்கம் திருப்பும் லீவர். வலது கைபிடியில் தோல் சுற்றிய ஒரு தட்டு வைத்தோம். முழங்கைக்குக் கீழே மிஞ்சியிருந்த கையால் அதை அமர்த்தினால் வலப்பக்கம் திரும்பும்.

முதல் ஓட்டம் சரிவரவில்லை. வெறும் முற்றத்தில் நன்றாகப் போன மெசின், கலப்பையை மண்ணில் இறக்கியதும் இரைந்துகொண்டு நின்றது. ரப்பர் கருகுகிற மணம். பிடி என் உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளியது. இடவசதி பார்த்துக் கப்பியை மேல் பக்கத்தில் வைத்திருந்தோம். அந்த மெசினில் பாரம் இழுக்கும்போது விறைக்கிற பக்கம் அதுதான். விறைக்கிற பெல்ற்றை எதிர்த்து ஒரு மனிதக் கை நிற்க முடியாது. தளர்வாகத் திரும்புகிற கீழ்ப்பக்கத்தில் கப்பியை வைக்க வேண்டும், ஆனால் அங்கே சட்டத்தின் இரும்பு குறுக்கே நின்றது. புயத்தைச் சூடாக்கி, இரும்பைச் சுற்றிப் போகும்படி வளைத்தோம். இரண்டு முறை வளைத்து இரண்டு முறையும் பெல்ற் ஒரு பக்கமாகக் கழன்றது. கப்பி ஒரு நூல் சரிந்திருந்தாலும் மூன்று பெல்ற்றும் அதை ஏற்காது. மூன்றாம் முறை ஐயா தானே உலையடியில் நின்றார்.

வலது தட்டில் எனக்குத் தெரியாத பிரச்சினை இருந்தது. மங்களேஸ்வரி வந்து கையை வைத்துப் பார்த்தார். நான், நோகுதா, நோகுதா என்று கேட்டபடி தோலுக்குக் கீழே பஞ்சு திணித்துக்கொண்டிருந்தேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

“அண்ணை, நோகுதோ எண்டு கேக்காதேங்கோ. அது எப்பவும் நோகும். எங்கை வைச்சால் வேலை செய்யும் எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். முனைக்குக் கிட்ட அல்ல, முழங்கை மடிப்புக்குக் கிட்ட, வெளிப்பக்கமாகச் சரித்து வைக்கச் சொன்னார். கையால் தள்ளுவதில்லை, தோளைச் சாய்த்தால் போதும் என்றார். சிவனேசன் கதிரையில் உட்கார்ந்தபடியே, கைபிடியின் உயரத்தையும் குறைக்கச் சொன்னார். உயரமாக இருந்தால் பின்கியரில் அவள் அதைத் தோளால் அமர்த்த முடியாது என்றார். பத்து வருடம் அதற்குப் பின்னால் நடந்தவர் சொன்னது சரியாகவே இருந்தது.

இதற்கிடையில் செய்தி சங்கத்துக்கு எட்டியது. நிர்வாகத்தில் இருந்த ஒருவர் வந்து, ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஐயா தான் பதில் சொல்வதாகச் சொன்னார். ஓய்வு பெற ஒரு வருடமும் இல்லாத நேரத்தில் இது என்ன தேவையில்லாத வேலை என்று வந்தவர் கேட்டார். ஐயா கப்பியில் சூடு பார்க்கப் போய்விட்டார்.

மெசினை வெளியே கொடுக்கும் முன் ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. வழக்கப்படி நான் போய்ப் பிடியைப் பிடித்தேன். ஐயா என்னை விலகச் சொன்னார். தன் வலது கையை மடித்துப் பிடித்து, துவாயால் உடம்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். அவருக்கு அப்போது அறுபதை எட்டும் வயது. பட்டறைக்குப் பின்னாலுள்ள ஈரத் தரையில் கலப்பையை இறக்கி, நேராகப் போனார், இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். பிறகு பின்கியரைப் போட்டு, அங்கே நின்ற பனையை நோக்கி மெசினைப் பின்னுக்கு எடுத்தார். பனை முதுகில் படப்போகிற நேரம் கையை விட்டார். மெசின் நின்றது. ஆனால் அவர் ஒற்றைக் கையோடு நிலை தடுமாறிச் சேற்றில் குந்திவிட்டார். நாங்கள் தூக்க ஓடினோம். அவர் இருந்தபடியே சக்கரத்தைப் பார்த்து, “நிண்டிட்டுது” என்றார். மங்களேஸ்வரி அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

அதன் பிறகு அவர் சில நாட்கள் வந்து பழகினார். அவருக்கு அது இலேசாக வரவில்லை. தோளைச் சாய்க்கும்போது இடது கை இளகிவிடும், மெசின் நின்றுவிடும். நின்று நின்று போனதில் அவருக்குக் கோபம் வந்தது. வேர்வை துடைக்கக்கூட முடியவில்லை, பனி மெசினில் இருந்த அந்தக் கொளுக்கியைப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். ஐயா மறுத்துவிட்டார். வேர்த்தால் நிற்பாட்டித் துடைக்கச் சொன்னார். உங்களுக்கென்ன, இரண்டு கையும் இருக்கிறது என்று மங்களேஸ்வரி சொல்ல, ஐயா முகம் மாறாமல், ஓம், இருக்குது என்றார். அவர்கள் இருவருக்கும் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கதை குறைவு. குலசிங்கத்தின் மெசின் அதற்குள் வாழைத் தோட்டத்தில் எரு இழுக்கத் தொடங்கியிருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் அந்த ரப்பர் வளையத்தைக் காட்டுவார்.

முதல் மழை பெய்தது. இரண்டாம் நாள் காலை நான் பட்டறையில் நின்றபோது சிவனேசன் கைத்தொலைபேசியில் அழைத்தார். ஐயாவையும் கூட்டிக்கொண்டு உடனே வயலுக்கு வரச் சொன்னார். என்ன நடந்தது என்று கேட்டேன். வாங்கோ என்று மட்டும் சொன்னார். அவருடைய குரல் சரியில்லை. ஐயாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். என் தோளைப் பிடித்திருந்த அவருடைய கை இறுகியிருந்தது.

எங்கள் வயல்களில் ஆங்காங்கே துரவுகள் உண்டு. கட்டில்லாத நீர்க்குழிகள், மாடு தண்ணீர் குடிக்கத் தோண்டியவை. மழை பெய்து வெள்ளம் பரவினால் எது வயல், எது துரவு என்று தெரியாது. விளிம்பில் புல் வேறு வளர்ந்திருக்கும். நாங்கள் வரம்பில் ஏறியபோது முதலில் தெரிந்தது லாண்ட்மாஸ்ரர். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கைபிடிகள் துரவின் மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஐயா மோட்டார் சைக்கிள் நிற்கும் முன்பே இறங்கிவிட்டார். ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மங்களேஸ்வரி மெசினுக்கு மற்றப் பக்கம், வரம்பில், சிவனேசனுக்குப் பக்கத்தில் இருந்தார். தலையிலிருந்து கால் வரை நனைந்து சேறாகியிருந்தார். காயம் எதுவும் இல்லை. சிவனேசன் அவருடைய சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார், விட்டால் மறுபடி விழுந்துவிடுவார் என்பது போல.

வயலின் மூலையில் திருப்புவதற்காகப் பின்கியரில் எடுத்திருக்கிறார். பின்னால் துரவு இருப்பது தெரியும், ஆனால் இன்னும் தள்ளி இருக்கிறது என்று நினைத்தார். கால் புல்லில் வழுக்கி, முதுகுப் பக்கமாகத் தண்ணீருக்குள் போய்விட்டார். சிவனேசன் வரம்பிலிருந்து கண்டவர். எழும்பி ஓட அவரால் முடியவில்லை. மங்களேஸ்வரி விளிம்புப் புல்லைப் பிடித்துத் தானே ஏறி வந்திருக்கிறார்.

“விழுந்து மேலை பாக்கிறன், பிடி என்ரை முகத்துக்கு நேரை நிக்குது” என்று மங்களேஸ்வரி சொன்னார். “இன்னும் ஒரு அடி வந்திருந்தால் என்னை உள்ளுக்கை வைச்சு மூடியிருக்கும். வரேல்லை, ஐயா. நிண்டிட்டுது.”

ஐயா நின்ற இடத்திலேயே வரம்பில் குந்திவிட்டார். கொஞ்ச நேரம் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டிருந்தார். நான் போய் மெசினை முன்னுக்கு எடுத்து நிற்பாட்டினேன். சக்கரங்கள் துரவின் விளிம்பு மண்ணை ஏற்கெனவே உடைத்திருந்தன.

மிச்ச வயலை நான் உழுதுதருவதாகச் சொன்னேன். ஐயாவும் தலையாட்டினார். மங்களேஸ்வரி எழும்பினார்.

“வேண்டாம், அண்ணை. இண்டைக்கு விட்டன் எண்டால் நாளைக்குப் பயம் வந்திடும்.”

சிவனேசன் மறிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுற்றியிருந்த தலைப்பைக் கையிலிருந்து அவிழ்த்துவிட்டார்.

மங்களேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பிடியை அமர்த்தினார். மெசின் நகர்ந்தது. வயலின் அந்தத் தலைக்குப் போய், தோளைச் சாய்த்து, திருப்பிக்கொண்டு வந்தார். ஒரு முறையும் நிற்கவில்லை. ஐயா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்து வயலில் கத்தி கிடைக்குமா என்று என்னைக் கேட்டார். வயல்காரர் ஒருவரிடம் வாங்கிவந்தேன். வேலியோரம் நின்ற கிளுவை மரத்திலிருந்து கதியால்களாக, அதாவது வேலிக்கு ஊன்றும் தடிகளாக, வெட்டினோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, காலால் தடவித் தடவி விளிம்பு எங்கே என்று காட்டினார். நான் கதியால்களைக் குத்தி ஊன்றினேன். துரவைச் சுற்றி வந்து சேர நெடுநேரம் எடுத்தது. நாங்கள் முடித்துக் கரையேறிய நேரம் மங்களேஸ்வரியும் உழுது முடித்துவிட்டு மெசினை வரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

போர்மன் ஐயா அடுத்த வருடம் ஓய்வு பெற்று வல்வெட்டித்துறைக்குப் போனார். இப்போது இல்லை. சிவனேசனும் போய்விட்டார். மங்களேஸ்வரி இன்றைக்கும் உழுகிறார், தன் வயலையும் அயலவர் வயல்களையும். கிளுவை எப்படி ஊன்றினாலும் பிடித்துவிடும் மரம். அந்தக் கதியால்களும் வேர்பிடித்து வளர்ந்துவிட்டன. மாரியில் வாதரவத்தைப் பக்கம் போகிறவர்கள், வெள்ளத்தின் நடுவே வட்டமாக நிற்கும் அந்தப் பச்சை வேலியைப் பார்க்கலாம்.